வேட்டைக்காகக் கையால் நிரப்பும் ரைஃபிள் தோட்டாக்களுக்குக் கிரிம்ப் தேவையா?

மலைச்சரிவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வசிக்கிறேன். அக்டோபர் இறுதியில் தொடங்கும் வேட்டைக் காலத்தில் எல்க் (பெரிய மான் வகை), மியூல் மான் ஆகியவற்றுக்காக .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளும்) ரைஃபிளை எடுத்துச் செல்வது வழக்கம். இதுவரை கடைத் தோட்டாக்களையே பயன்படுத்தி வந்தேன். இப்போதுதான் நானே ரீலோடிங் (பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் நிரப்பித் தோட்டா தயாரிப்பது) செய்யத் தொடங்கியிருக்கிறேன். 165 கிரெய்ன் எடையுள்ள, உலோக உறைக்குள் ஈயம் நிரப்பிய குண்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவற்றின் உடலில் கேனலூர் எனப்படும், சுற்றி ஓடும் பள்ளம் கிடையாது.

என் சந்தேகம் கிரிம்ப் பற்றியது, அதாவது கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் மேல் உள்நோக்கி அழுத்தி இறுக்குவது பற்றியது. துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அனுபவமுள்ள இருவரிடம் கேட்டபோது, இலக்குப் பயிற்சிக்குக் கிரிம்ப் வேண்டியதில்லை என்றாலும் வேட்டைத் தோட்டா லாரியிலும் குதிரைச் சேணத்தின் உறையிலும் பைகளிலும் நாள் முழுவதும் குலுங்குவதால் அதற்குக் கட்டாயம் கிரிம்ப் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மற்றவரோ, கிரிம்ப் செய்தால் குறி துல்லியம் கெடும் என்றும், போல்ட் ஆக்ஷனுக்கு அது எந்நாளும் தேவைப்படாது என்றும் சொன்னார். இருவரும் பல ஆண்டுகளாக எல்க் வேட்டையாடுபவர்கள் என்பதால் யார் பேச்சையும் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அடர்ந்த காட்டுக்குள் வெள்ளைவால் மான் வேட்டைக்காக .30-30 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும் பழைய மார்லின் 336 லீவர் ஆக்ஷன் (நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும்) ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். குண்டைப் பொருத்தும் டை (ரீலோடிங் அச்சு) கிரிம்பையும் சேர்த்தே செய்யக்கூடியது. தனியாகக் காலெட் வகைக் கிரிம்ப் டை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இரண்டு ரைஃபிள்களுக்கும் ஒரே முறையைப் பின்பற்றலாமா, அல்லது வெவ்வேறாக நடத்த வேண்டுமா என்பதைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பித்தளைக்கூடு

வேட்டை, இலக்குப் பயிற்சி என்ற பிரிவினையை முதலில் விட்டுவிடுங்கள். தோட்டாவுக்கு அது தெரியாது. உங்கள் ரைஃபிளின் மேகசினும் (தோட்டாக்கள் காத்திருக்கும் அறை) பின்னுதைப்பும் தோட்டாவை என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி.

பாட்டில் கழுத்து வடிவத் தோட்டாவில் குண்டைப் பிடித்து வைத்திருப்பது கிரிம்ப் அல்ல, கழுத்துப் பிடிப்பு. சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் சைசிங் டைக்குள் சென்று வந்த கூட்டின் கழுத்து, உள்விட்டத்தில் குண்டின் விட்டத்தைவிட ஏறக்குறைய 0.002 முதல் 0.003 அங்குலம் சிறியதாக இருக்கும். உங்கள் .30-06 குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதை உள்ளே அழுத்தும்போது கழுத்து சற்று விரிந்து, தன் மீள்தன்மையால் குண்டைச் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கிறது. இந்தப் பிடி கழுத்தின் முழு நீளத்துக்கும் பரவியிருக்கிறது. கிரிம்ப் பிடிப்பதோ வாயின் விளிம்பில் உள்ள ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும். .30-06-இன் கழுத்து நல்ல நீளமானது என்பதால், சரியாகச் சைசிங் செய்த கூட்டில் லாரியின் குலுக்கலோ சேண உறையின் உராய்வோ குண்டை நகர்த்தாது.

கேனலூர் இல்லாத குண்டின் மேல் கூட்டின் வாயை வலுவாக உள்நோக்கி மடக்கினால், பித்தளை சென்று அமர்வதற்கு அங்கே இடமில்லை. அது உறையை நசுக்கி உள்ளே ஈயத்தையும் அமுக்கிவிடுகிறது. பிறகு டையிலிருந்து வெளியே வரும்போது பித்தளை சற்றுப் பின்வாங்கும். அமுங்கிய ஈயம் பின்வாங்காது. ஆகவே பிடிப்பை அதிகரிக்கச் செய்த வேலையே பிடிப்பைக் குறைத்துவிடக்கூடும். பள்ளம் இல்லாத குண்டுகளுக்குக் கிரிம்ப் வேண்டாம் என்று பல ரீலோடிங் கையேடுகள் அறிவுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் தோட்டாவில் குண்டு உண்மையிலேயே தளர்வாக இருந்தால், அதற்கான காரணத்தைத் தேடுங்கள். சைசிங் டையின் நடுவே கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பேண்டர் உருண்டை பெரியதாக இருக்கலாம். பலமுறை சுட்டு, பலமுறை சைசிங் செய்த பித்தளை இறுகிப்போய், டை சுருக்கிய அளவில் நில்லாமல் மீண்டும் விரிந்திருக்கலாம். அப்படியானால் கழுத்தை அனீலிங் செய்தால் (சூடாக்கி மென்மையாக்கினால்) சரியாகும். சைசிங் எண்ணெய் கழுத்தின் உட்புறம் தங்கியிருந்தாலும் பிடி வழுக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மேலே கிரிம்ப் போடுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து தருவது.

வேட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. காலையில் சேம்பருக்குள் (பீப்பாயின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏற்றிய தோட்டாவை மாலையில் சுடாமலே வெளியே எடுப்பது உங்களுக்கு வழக்கமாக இருக்கும். துல்லியத்துக்காகக் குண்டை ரைஃப்ளிங்கில் (பீப்பாயின் உட்புறச் சுழல்வரிகள்) தொடும்படி வெளியே நீட்டிப் பொருத்தியிருந்தால், வெளியே எடுக்கும்போது குண்டு பீப்பாயின் தொண்டையில் சிக்கிக்கொண்டு கூடு மட்டும் கழன்று, வெடிமருந்து முழுவதும் ஆக்ஷனுக்குள் (போல்ட் இயங்கும் பகுதி) கொட்டிவிடும். பனியில் நின்றுகொண்டு அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. இதற்கும் கிரிம்ப் தீர்வல்ல. ரைஃப்ளிங்கிலிருந்து குறைந்தது 0.020 அங்குலமாவது விலகி நிற்கும்படி குண்டைப் பொருத்துங்கள், மேகசினின் நீளத்துக்குள்ளும் அடக்குங்கள். .30-06-க்குத் தரநிலை சொல்லும் அதிகபட்ச மொத்த நீளம் 3.340 அங்குலம்.

நெம்புகோல்

மேலே சொல்லப்பட்டது .30-06-க்குச் சரி. ஆனால் மார்லின் 336-ஐ அதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். குழாய் மேகசின் உள்ள .30-30-க்குக் கிரிம்ப் கட்டாயம் என்பதே என் நிலைப்பாடு.

குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு குண்டின் மூக்கு அடுத்த தோட்டாவின் அடியைத் தொட்டபடி, சுருள்வில்லின் அழுத்தத்தில் படுத்திருக்கின்றன. சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது. தோட்டா வரிசையோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயன்று, வில்லை அமுக்கி, பிறகு வேகத்தோடு திரும்பி வந்து மோதுகிறது. இந்த இடி ஒவ்வொரு முறையும் குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். .30-30-இன் கழுத்துப் பித்தளை மெல்லியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குண்டு உள்ளே போனால் தோட்டாவின் நீளம் குறையும். நீளம் குறைந்தாலும் கூடினாலும் லீவர் ஆக்ஷன் அதை ஒழுங்காக ஊட்டாது. அதிகபட்ச மொத்த நீளமான 2.550 அங்குலத்தைத் தாண்டிய தோட்டா, அதைக் குழாயிலிருந்து சேம்பருக்கு உயர்த்தும் தூக்கியில் சிக்கிக்கொள்ளும். மானின் எதிரே நின்றுகொண்டு லீவரோடு மல்லுக்கட்டும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

.30-30-க்காக உருவாக்கப்படும் 150, 170 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டுகளில் கேனலூர் இருப்பது இதற்காகத்தான். கூர்மூக்குக் குண்டுகளைக் குழாய்க்குள் போடவே கூடாது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கூர்முனை முன்னுள்ள தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் மூடி) இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. ரப்பர் போன்ற மென்முனை கொண்ட குண்டுகள் மட்டும் இதற்கு விலக்கு.

செய்யும் முறையில் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் தவறு நிகழ்கிறது. முதலாவது, கூடுகளின் நீளம். வாயை உள்நோக்கிச் சுருட்டி மடக்கும் ரோல் கிரிம்ப் டை ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறது. கூடு நீளமாக இருந்தால் அதன் வாய் அதிகமாக மடங்கும், குட்டையாக இருந்தால் ஒப்புக்குத் தொட்டுவிட்டு வரும். ஆகவே கிரிம்ப் செய்யப்போகும் கூடுகள் அனைத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். .30-30 கூட்டின் அதிகபட்ச நீளம் 2.039 அங்குலம், வெட்ட வேண்டிய நீளமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 2.029. சில சிறப்புக் குண்டுகளுக்கு வேறு நீளமும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஹார்னடியின் மென்முனைக் குண்டை .45-70-இல் நிரப்புவதற்கு வழக்கத்தைவிடக் குட்டையாகக் கூட்டை வெட்ட வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் ஊகித்துச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, குண்டைப் பொருத்துவதையும் கிரிம்ப் செய்வதையும் ஒரே இழுப்பில் முடிக்க நினைப்பது. குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே கூட்டின் வாய் உள்ளே மடங்கத் தொடங்குவதால், வாயின் விளிம்பு உறையைச் சீவிவிடும். கை சற்று அதிகமாக அழுத்தினால் தோள் பகுதி (கூடு கழுத்தாகக் குறுகும் இடம்) புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பு பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோட்டா சேம்பருக்குள் போகாது. எனவே முதலில் டையை உயர்த்தி வைத்து எல்லாக் குண்டுகளையும் பள்ளத்தின் நடுப்பகுதி வரை பொருத்துங்கள். பிறகு பொருத்தும் தண்டை மேலே ஏற்றிவிட்டு, டையைச் சிறிது சிறிதாக இறக்கி, வாய் பள்ளத்துக்குள் மெல்லத் திரும்பி அமரும் இடத்தில் பூட்டுங்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத போலித் தோட்டா ஒன்றைக் கொண்டு இந்த அளவைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது. அதையே மேகசினில் போட்டு ஊட்டிப் பார்க்கலாம்.

உங்களிடம் உள்ள காலெட் டை, வாயை மேலிருந்து மடக்காமல் பக்கவாட்டில் விரல்கள் போல நெருக்குகிறது. ஆகவே கூட்டின் நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், தோளும் புடைக்காது. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

தென்கடல்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்திலிருந்து எழுதுகிறேன். போல்ட் ஆக்ஷனுக்குக் கிரிம்ப் எந்நாளும் தேவைப்படாது என்று உங்கள் நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே நீர் எருமைக்காக நாங்கள் எடுத்துச் செல்வது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், .458 வின்செஸ்டர் மேக்னம் போன்றவை. இரண்டும் போல்ட் ஆக்ஷன்தான், பெட்டி மேகசின்தான், ஆனால் .458-இல் ஒவ்வொரு குண்டும் 500 கிரெய்ன். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய, மேகசினில் காத்திருக்கும் தோட்டாக்களின் மூக்கை மேகசினின் முன்சுவர் வந்து குத்துகிறது. எடை மிகுந்த குண்டு, கடுமையான பின்னுதைப்பு, .458-இல் தோள் இல்லாத ஏறக்குறைய நேரான கூடு. கிரிம்ப் இல்லாவிட்டால் மேகசினின் அடியில் கிடக்கும் தோட்டாவின் குண்டு படிப்படியாக உள்ளே இறங்கும். காயம்பட்ட எருமைக்காக வைத்திருந்த தோட்டா அதுவாகத்தான் இருக்கும்.

மருந்தை அமுக்கி நிரப்பும் முறையிலும் கிரிம்புக்கு ஒரு வேலை உண்டு. .458-இல் மருந்து பெரும்பாலும் குண்டின் அடிப்பகுதியால் அமுக்கப்பட்ட நிலையில் இருப்பதால், அது மெல்ல மெல்லக் குண்டை வெளியே தள்ள முயலும். ஆக, ஒருபக்கம் மேகசின் சுவர் உள்ளே தள்ளுகிறது, மறுபக்கம் மருந்து வெளியே தள்ளுகிறது. இரண்டையும் தடுப்பது பள்ளத்தில் அமர்ந்த கிரிம்ப். கனரக வேட்டைக் குண்டுகள் பலவும் பள்ளத்தோடு வருவது இதற்காகவே.

ஆகவே போல்ட், லீவர் என்று பிரிப்பதைவிடப் பின்னுதைப்பின் கடுமையைப் பாருங்கள். .30-06 அந்த எல்லைக்குக் கீழே வசதியாக இருக்கிறது.

நேர்ச்சுவர்

தென்கடல் எழுதியதைப் படித்துவிட்டு, நேரான கூடு என்றாலே ரோல் கிரிம்ப் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் சிறு எச்சரிக்கை. ஓஹையோவில் 2014 முதல் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர் ரைஃபிள் தோட்டாக்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே பலர் கையில் .450 புஷ்மாஸ்டரும் .350 லெஜண்டும் இருக்கின்றன. இவ்விரண்டும் சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே கூட்டின் வாய் விளிம்பு. .458-க்கு அடியில் பட்டை இருக்கிறது, .30-30-க்கு விளிம்புத் தட்டு இருக்கிறது, .30-06-க்குத் தோள் இருக்கிறது. ஆனால் .450 புஷ்மாஸ்டருக்கும் .350 லெஜண்டுக்கும் வாயைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த வாயை உள்ளே மடக்கிவிட்டால் தோட்டா தேவைக்கு மேல் ஆழமாகச் சென்றுவிடும். ஊசி பிரைமரைச் சரியாகத் தட்டாமலும் போகலாம், அழுத்தமும் தாறுமாறாகலாம். இவற்றுக்கு, வாயைச் சுருட்டாமல் சற்றே நெருக்கும் டேப்பர் கிரிம்ப் மட்டுமே, அதுவும் குண்டைப் பொருத்துவதற்காக மணிபோல் விரித்த வாயை நேராக்கும் அளவுக்கு மட்டுமே.

ஓக்குமரம்

தொழிற்சாலைகளில் தயாராகும் வேட்டைத் தோட்டாக்களில் பலவற்றில் கிரிம்ப் இருப்பதைப் பார்க்கிறோம். இராணுவத் தோட்டாக்களிலும் அது வழக்கம். அவ்வளவு பெரிய நிறுவனங்கள் காரணமில்லாமல் செய்வார்களா? நான் .308 வின்செஸ்டரை அரைத் தானியங்கி ரைஃபிளில் சுடுகிறேன். எல்லாத் தோட்டாக்களுக்கும் காலெட் டையால் கிரிம்ப் செய்கிறேன். குறி துல்லியம் கெட்டதாகத் தெரியவில்லை. ஒரு வகை மருந்துக்குக் குழுமம் (இலக்கில் குண்டுத் துளைகள் பரவும் அகலம்) சற்றுச் சுருங்கியதாகவே தோன்றுகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் கிரிம்ப் செய்துவிட்டால் கவலை இல்லை என்பது என் கருத்து.

பித்தளைக்கூடு

காரணமில்லாமல் செய்யமாட்டார்கள் என்பது சரிதான், ஓக்குமரம் ஐயா. ஆனால் அவர்களுடைய காரணம் மலைச்சரிவுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்குத் தன் .30-06 தோட்டா போல்ட் ஆக்ஷனுக்குள் போகிறதா, எம்1 கேரண்ட் என்ற அரைத் தானியங்கி ரைஃபிளுக்குள் போகிறதா என்று தெரியாது. மிகக் கடுமையாக நடத்தும் ரைஃபிளையும் மனத்தில் வைத்துத்தான் தயாரிக்க வேண்டும். இராணுவத் தோட்டா இயந்திரத் துப்பாக்கிக்குள்ளும் போக வேண்டியிருக்கும். உங்கள் அரைத் தானியங்கியில் போல்ட் தோட்டாவை வேகமாக முன்னே தள்ளி, குண்டின் மூக்கை ஊட்டுச் சரிவில் இடிக்க வைக்கிறது. அதற்கு மிதமான கிரிம்ப் நியாயமான காப்பு. தோட்டாவை நிரப்புபவரே அதைச் சுடவும் போகிறார் என்றால், அவருக்குத் தன் ரைஃபிள் எது என்று தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

துல்லியத்தைப் பொறுத்தவரை உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. மிதமான காலெட் கிரிம்ப் சில ரைஃபிள்களில் குழுமத்தைச் சுருக்குகிறது, சிலவற்றில் விரிக்கிறது, பலவற்றில் எந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை. இரண்டு வகைத் தோட்டாக்களையும் ஒரே நாளில், ஒரே பீப்பாய்ச் சூட்டில், மாறி மாறிச் சுட்டுப் பார்க்காமல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும், 200 கஜத்தில் எல்க்கின் நெஞ்சுப் பகுதிக்குக் குழுமம் ஒரு அங்குலமா ஒன்றரை அங்குலமா என்பது முடிவைத் தீர்மானிக்காது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கிரிம்ப் குண்டு நகரத் தொடங்கும் தருணத்தைத் தாமதப்படுத்துவதால் அழுத்தத்தையும் மாற்றக்கூடும். கையேட்டின் உச்ச அளவை ஒட்டி ஏற்கெனவே தேர்வு செய்துவைத்த மருந்து அளவுக்கு, பிறகு யோசித்துக் கிரிம்பைச் சேர்க்கக் கூடாது. சேர்ப்பதாக இருந்தால் மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்குக் குறைத்து, மீண்டும் படிப்படியாக ஏறி வர வேண்டும்.

மலைச்சரிவு

அனைவருக்கும் நன்றி. .30-30-க்குக் கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, கேனலூர் உள்ள 170 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டுகளைப் பொருத்தி, காலெட் டையால் தனிப்படியாகக் கிரிம்ப் செய்யப்போகிறேன். .30-06-க்குக் கிரிம்ப் இல்லாமலே தொடரலாம் என்று தோன்றுகிறது. ஆனால் என் கூடுகளின் கழுத்துப் பிடிப்பு போதுமானதா என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே உறுதிசெய்ய வழி உண்டா?

பித்தளைக்கூடு

உண்டு, செலவும் இல்லை. முதலில், பிரைமரும் மருந்தும் இல்லாத ஒரு கூட்டில் குண்டைப் பொருத்தி, மொத்த நீளத்தைக் கேலிபரால் (நுண்ணளவு பார்க்கும் கருவி) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குண்டின் மூக்கை மேசையின் மர விளிம்பில் வைத்துக் கைப்பலத்தால் நன்றாக அழுத்திவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இதிலேயே நகர்ந்தால் பிடிப்பு போதாது. மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை, எக்ஸ்பேண்டரையும் பித்தளையையும் பாருங்கள்.

நகரவில்லை என்றால் திடலில் செய்ய வேண்டிய சோதனை இருக்கிறது. நீங்கள் நிரப்பிய தோட்டா ஒன்றை அளந்து அடையாளமிட்டு மேகசினின் அடியில் வையுங்கள். மேலே உள்ள மற்றவற்றைச் சுடுங்கள். அடையாளமிட்டதைச் சுடாமல் வெளியே எடுத்து அளந்து, மீண்டும் அடியில் வைத்து, இன்னொரு மேகசினைச் சுட்டுத் தீருங்கள். பின்னுதைப்பு முழுவதையும் வாங்கிய அந்தத் தோட்டாவின் நீளம் மாறவில்லை என்றால் .30-06-க்குக் கிரிம்ப் தேவையில்லை.

அளக்கும்போது குண்டின் ஈய முனையிலிருந்து அளக்காதீர்கள். ஈயமுனைக் குண்டுகளின் முனை ஒன்றுக்கொன்று மாறுபடும், மேகசின் சுவரில் பட்டுச் சப்பையாகவும் ஆகும். அதனால் குண்டு நகராமலே நீளம் குறைந்ததாகத் தோன்றும். கேலிபரில் மாட்டும் கம்பேரேட்டர் துண்டு ஒன்றை வாங்கி, குண்டின் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து கூட்டின் அடிவரை அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

நெம்புகோல்

இதே சோதனையை மார்லினிலும் செய்து பாருங்கள், கிரிம்ப் செய்த பிறகும். குழாய்க்குள் முதலில் போடும் தோட்டாதான் கடைசியாக வெளியே வரும் என்பதால் அடையாளமிட்டதை முதலில் போட வேண்டும். குழாய் நிறையத் தோட்டா போட்டுச் சோதியுங்கள்; வில்லின் அழுத்தம் அப்போதுதான் முழுமையாக இருக்கும்.